நிறுத்தி வைத்த காரில் விட்டு விட்டு வரும் எஞ்சின் கரைச்சல்: மலையகத்தில் கார் வைத்திருப்பவர்களுக்கு

ஸ்டார்ட்டே ஆகாத காரில் கோளாறு பிடிப்பது லேசு. காலையில் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகி, டவுனுக்குள் நன்றாக ஓடி, கினிகத்தேனை ஏற்றத்தில் மட்டும் இரண்டு மூன்று தரம் இழுவை அறுந்து வெட்டிவிட்டு, மேலே வந்ததும் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடுகிற கார்தான் ஆளைக் கொல்லும். கராஜுக்குக் கொண்டுபோனால் அங்கே ஒரு குறையும் காட்டாது. டாக்டர் வாசலை மிதித்ததும் பல்வலி நின்றுவிடுகிற மாதிரி. பாஸ், அதாவது மெக்கானிக், பாவம், என்ன செய்வார்? பிளக்கை மாற்றுவார், ஃபில்டரை மாற்றுவார், பில்லைத் தருவார். அடுத்த கிழமை அதே ஏற்றத்தில் அதே வெட்டு.

நம் பக்கம் இப்படிப்பட்ட கார்கள் நிறைய உண்டு. சொந்தக்காரருக்குக் கொழும்பிலோ கட்டாரிலோ வேலை. கார் ஹட்டனிலோ பண்டாரவளையிலோ வீட்டோரத் தகரக் கொட்டிலுக்குள். 2022இல் பெட்ரோலுக்கு நாள்கணக்கில் கியூவில் நின்ற காலத்தில் நிறுத்திய கார்களில் பல, பிறகும் மாதக்கணக்கில் அசையவில்லை. 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடையில் பழைய கார்களின் விலை ஏறியதால் ஓடாததைக்கூட யாரும் கைவிடவில்லை. இப்போது அவற்றை வெளியே எடுக்கிறார்கள், கரைச்சலும் கூடவே வெளியே வருகிறது.

இங்கே சொல்வது பெட்ரோல் கார்களுக்கு. ஹைபிரிட் என்றால் ஓரஞ்சு நிறக் கேபிள் எதிலும் கை வைக்காதீர்கள். 12 வோல்ட் பெட்டரி, எலி, பெட்ரோல் பற்றிய பகுதிகள் மட்டும் உங்களுக்குப் பொருந்தும். டீசல் வேறு கதை.

முதலில் கொப்பி, அப்புறம் ஸ்பானர்

விட்டு விட்டு வருகிற கோளாறில் சாமான் மாற்றிப் பார்ப்பது சூதாட்டம். ஒன்றை மாற்றியதும் இரண்டு நாள் கோளாறு வராது. சரியாகிவிட்டது என்று நினைப்பீர்கள். அது மாற்றிய சாமானால் வராமல் இருந்ததா, அந்த இரண்டு நாளும் மழை பெய்யாததால் வராமல் இருந்ததா என்று சொல்ல வழியில்லை. அதனால் ஒரு கொப்பியைக் காருக்குள் போடுங்கள். ஒவ்வொரு தரம் கரைச்சல் வரும்போதும் இவற்றை எழுதுங்கள்: எஞ்சின் குளிரில் இருந்ததா, சூடேறி இருந்ததா, ஏற்றமா, இறக்கமா, முடக்கா, சும்மா நின்றபோதா, மழையா, பனிமூட்டமா, வெயிலா, டேங்கில் எவ்வளவு பெட்ரோல், டேஷ்போர்டில் எந்த லைட் எரிந்தது, நின்றுபோனால் எத்தனை நிமிடத்தில் மறுபடி ஸ்டார்ட் ஆனது.

இவை எல்லாவற்றையும் விட முக்கியமானது, எஞ்சின் எப்படி நின்றது என்பது. சாவியைத் திருப்பி ஓஃப் பண்ணியது போலப் பட்டென்று நின்றால் சந்தேகம் மின்சாரப் பக்கம்: பெட்டரி மைனஸை எஞ்சினோடு சேர்க்கும் எர்த் கேபிள், கரண்டைச் சேர்த்துப் பிரிக்கும் ரிலே, இக்னிஷன் சுவிட்ச், எஞ்சின் சுழல்வதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சர். இழுவை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, இழுத்து இழுத்து, ஆக்சிலேட்டரை விட்டதும் தெளிந்தால் பெட்ரோல் போதாமை. கார் நடுங்கினாலும் நிற்காமல், ஒரு கால் நொண்டி ஓடினால் ஒரு சிலிண்டரில் மிஸ்ஸிங், அதாவது அதில் பெட்ரோல் ஒழுங்காக எரியவில்லை. பொறி போடும் பிளக் அல்லது அதற்குக் கரண்ட் கொடுக்கும் கொயில் பக்கம் பாருங்கள். நிற்கும்போது மட்டும் ஐட்லிங் ஏறி இறங்கி, ஓடும்போது சரியாக இருந்தால் எங்கேயோ காற்று ஒழுகுகிறது, இல்லாவிட்டால் எஞ்சினுக்குள் காற்றை விடும் துரோட்டில் பொடியில் அழுக்கு.

மெனுவல் கியர் காரில் இன்னொரு நல்ல அடையாளம் உண்டு. வெட்டும்போது கிளட்சை மிதிக்காமல் ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். சில்லு எஞ்சினைச் சுழற்றிக்கொண்டிருக்கும்போதே முள் பூச்சியத்தில் விழுந்தால், பெரும்பாலான கார்களில் கிராங்க் சென்சரின் சிக்னலோ இக்னிஷனுக்குப் போகிற கரண்டோ அறுந்திருக்கிறது. முள் ஒழுங்காக நின்று இழுவை மட்டும் போனால் பெட்ரோல் பக்கம் திரும்புங்கள். ஒரு சதமும் செலவில்லாத சோதனை. முள்ளைப் பார்க்கிற வேலையைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுங்கள்; உங்கள் கண் ரோட்டில் இருக்கட்டும்.

ரோட்டுக்கு எடுக்க முன்

எஞ்சின் நடுவழியில் நிற்கலாம் என்று தெரிந்தே ஓட்டப் போகிறீர்கள். மலை ரோட்டில் அதற்கு ஒரு விளைவு உண்டு. எஞ்சின் நின்றால், பிரேக் மிதிக்குப் பலம் சேர்க்கும் வெக்கூம் பூஸ்டரில் மிச்சமிருக்கிற வெக்கூம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். அதற்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும். பவர் ஸ்டியரிங்கும் இறுகும். அப்போது பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்திப் பிடித்து, கியரைக் குறைத்து, ஓரம் கட்டி, ஹேண்ட்பிரேக்கை இழுக்க வேண்டும். சாவியைக் கழற்றாதீர்கள், ஸ்டியரிங் லொக் ஆகிவிடும். இதைச் சமதரையில், எஞ்சினை நிறுத்திவிட்டு மெல்ல உருளும்போது ஒருமுறை செய்து பாருங்கள், மிதி எவ்வளவு கனக்கிறது என்று கால் அறிந்துகொள்ளும்.

ஆகவே எஞ்சினுக்கு முன் பிரேக். மாதக்கணக்கில் ஈரத்தில் நின்ற காரில் டிஸ்க் துருப்பிடித்திருக்கும், பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டியிருக்கும், ஹேண்ட்பிரேக் கேபிள் இறுகியிருக்கும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் சாமான்; இரண்டு வருடம் தாண்டியிருந்தால் மாற்றிவிடுங்கள். இன்னொன்று, பெட்டரி இறங்கிய காரை இறக்கத்தில் உருட்டி ஸ்டார்ட் பண்ணுகிற பழைய பழக்கம். நின்று கிடந்த காரில் அதைச் செய்யவே வேண்டாம். ஸ்டார்ட் ஆகாவிட்டால், பூஸ்டர் இல்லாத காரில் இறக்கத்தில் உருண்டுகொண்டிருப்பீர்கள்.

கொட்டிலுக்குள் எஞ்சினை ஓடவிடாதீர்கள். குளிருக்காகக் கதவைச் சாத்திவிட்டு ஐட்லிங்கில் விட்டால் காபனோரொட்சைட்டு நிறையும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. காரை வெளியே தள்ளிவிட்டுத்தான் வேலை.

பிறகு பொனட்டைத் திறந்து, டோர்ச் அடித்து எலியைத் தேடுங்கள். தோட்டப் பக்கம் எலி வராத கொட்டில் இல்லை. ஏர் ஃபில்டர் பெட்டியின் மூடியைக் கட்டாயம் கழற்றிப் பாருங்கள். சூடும் இருட்டும் உள்ள அந்த இடம்தான் அதற்குப் பிடித்தது. பொனட்டுக்கு அடியிலுள்ள பஞ்சைப் பிய்த்து, காய்ந்த புல்லைச் சேர்த்து, ஃபில்டர் மேலேயே கூடு கட்டியிருக்கும். எஞ்சின் எடுக்கிற காற்று பாதியாகக் குறையும், ஏற்றத்தில் இழுக்காது. எலி வயரை முழுசாகக் கடித்து அறுத்திருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். கோளாறு எப்போதும் இருக்கும், கண்டுபிடித்துவிடலாம். மேல்தோலை மட்டும் கடித்துச் செம்பை வெளியே விட்டிருந்தால்தான் இந்த விட்டு விட்டு வருகிற வியாதி. எஞ்சின் ஆடும்போது அந்தச் செம்பு பக்கத்து இரும்பில் தொடும், விலகும். இன்ஜெக்டர் வயர்கள், எஞ்சினுக்கும் ஃபயர்வோலுக்கும் இடையில் ஓடும் வயர்க்கட்டு, பெட்டரிக்கு அடி, இந்த மூன்று இடத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். கையுறை போட்டுக்கொண்டு தடவுங்கள். எலிச் சிறுநீரில் எலிக்காய்ச்சல் இருக்கிறது.

எஞ்சின் எண்ணெய், ரேடியேட்டர் தண்ணீர் அளவுகளைக் குளிரில் பாருங்கள். எண்ணெய் மூடிக்கு அடியில் பால்கோப்பி நிறத்தில் நுரை ஒட்டியிருந்தால் உடனே ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். நுவரெலியாக் குளிரில் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி நிறுத்தி வைக்கிற காரில் ஈரம் ஆவியாகிப் போக நேரமில்லாமல் அப்படிப் படியும். டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம், ரேடியேட்டர் தண்ணீரும் குறைகிறது என்றால்தான் பயம்.

பெட்டரி முனையும் எர்த் கேபிளும்

இங்கே நிதானமாக நில்லுங்கள். நின்று கிடந்த காரில் முதல் சந்தேகம் இதுதான். செலவு குறைந்ததும் இதுதான்.

ஒரு மல்டிமீற்றர் வாங்குங்கள், மலிவானதே போதும். காரை இரவு முழுக்க நிறுத்தி வைத்துக் காலையில் பெட்டரியை அளந்தால் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.4 என்றால் முக்கால் அளவு சார்ஜ். 12 என்றால் காலி. எஞ்சின் ஓடும்போது 13.8க்கும் 14.5க்கும் இடையில் இருந்தால், பெட்டரியைச் சார்ஜ் பண்ணும் ஒல்டனேட்டர் வேலை செய்கிறது. ஸ்டார்ட்டர் சுழலும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் பெட்டரிக்கு வயசாகிவிட்டது. நின்று கிடந்தே வறண்ட பெட்டரியைச் சார்ஜ் போட்டு எடுக்கப் பார்ப்பார்கள்; ஓரிரு நாள் தாங்கும், பிறகு கம்ப்யூட்டருக்குப் போகிற கரண்ட் ஆடும், எஞ்சின் என்னென்னவோ செய்யும். வேறு எதைச் சோதிக்க முன்னும் பெட்டரி நல்லது என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்தது எர்த். பெட்டரியின் மைனஸ் முனையிலிருந்து காரின் பொடிக்கும், பொடியிலிருந்து எஞ்சினுக்கும் போகிற தடித்த கேபிள்கள். வெளியே பார்க்கக் கறுப்பாக, நல்லதாக இருக்கும். முனையில் ரப்பர் உறையைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் பாருங்கள். உள்ளே செம்பு இழைகள் பச்சையாகப் பூத்து, விரலில் எடுத்தால் மாவாக உதிரும். தலவாக்கலையில் உறவினர் ஒருவரின் பழைய நிசான் சனி காரில் இதைப் பார்த்தேன். ஏற்றத்தில் இடப்பக்க முடக்குகளில் மட்டும் எஞ்சின் வெட்டியது. கொயில் மாற்றியாகிவிட்டது, பெட்ரோல் பம்ப் மாற்றியாகிவிட்டது. எஞ்சின் மவுன்ட் தளர்ந்திருந்ததால் இடப்பக்கம் திரும்பும்போது எஞ்சின் கொஞ்சம் சாய்ந்து, உள்ளே அரித்துப்போன எர்த் கேபிளை இழுத்திருக்கிறது. வெளியே ஒரு கீறலும் இல்லை. கேபிளை மடக்கினால் மட்டும் உள்ளே மணல் நெரிகிற சத்தம்.

கண்ணுக்குத் தெரியாததை மீற்றர் காட்டும். பெட்ரோல் பம்ப் ஃபியூஸைக் கழற்றிவிடுங்கள், எஞ்சின் ஸ்டார்ட் ஆகக்கூடாது. மீற்றரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைப் பெட்டரி மைனஸ் முனையிலும் சிவப்பு முனையை எஞ்சினின் பெயின்ட் இல்லாத இரும்பிலும் வையுங்கள். ஒருவர் சாவியைத் திருப்பி ஸ்டார்ட்டரைச் சுழற்றட்டும். 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் கேபிளையோ அது பிடித்திருக்கிற போல்ட்டையோ நம்ப வேண்டாம். கழற்றி, அரத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். பெட்டரியைக் கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியில் மைனஸ்.

பிறகு ஆட்டிப் பார்க்கும் சோதனை. எஞ்சின் ஐட்லிங்கில் ஓட, ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் கையையும் சட்டைக் கையையும் தூரமாக வைத்துக்கொண்டு, வயர் சேரும் ஒவ்வொரு இணைப்பாக, ஒவ்வொரு வயர்க்கட்டாக மெல்ல ஆட்டுங்கள். எதை ஆட்டும்போது எஞ்சின் தடுமாறுகிறதோ அங்கே நில்லுங்கள். ரிலேக்களில் ஒரே நம்பர் உள்ளவை இருந்தால், ஹோர்ன் ரிலேயையும் பெட்ரோல் பம்ப் ரிலேயையும் இடம் மாற்றிப் பார்க்கலாம். 90களின் ஹொண்டா கார்களில் மெயின் ரிலேக்கு உள்ளே ஈயப் பற்று வெடித்து, வெயிலில் நின்ற பிறகு மட்டும் ஸ்டார்ட் ஆகாமல் போவது தெரிந்த கதை.

பெட்ரோல்: பழையதா, தண்ணீர் கலந்ததா

பெட்ரோலில் லேசாக ஆவியாகும் பகுதி முதலில் பறந்துவிடும். மிச்சம் காற்றோடு சேர்ந்து பிசினாகும். மூன்று மாதத்துக்குப் பிறகு சந்தேகிக்கலாம், ஆறு மாதம் தாண்டினால் நம்பக்கூடாது. பாதி காலியான டேங்கில் இன்னொரு தொல்லை. பகலில் வெயில், இரவில் பனி என்று மாறி மாறி வரும்போது டேங்கின் உள் சுவரில் ஈரம் வியர்த்து அடியில் போய்ச் சேரும். பெட்ரோலை விடத் தண்ணீருக்குக் கனம் அதிகம், அடியிலேயே கிடக்கும். சமதரையில் பம்பின் வாய்க்கு எட்டாது. ஏற்றத்தில் சாய்ந்தால், முடக்கில் அலைந்தால் எட்டும். கொழும்பில் நன்றாக ஓடுகிற கார் இங்கே வந்து வெட்டுவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

டேங்கிலிருந்து கொஞ்சம் பெட்ரோலை எடுத்து நிறமில்லாத கண்ணாடிப் போத்தலில் ஊற்றி அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தெளிவாக ஒரு தட்டு பிரிந்து நின்றால் தண்ணீர். பழுப்புத் துகள் இறங்கினால் டேங்குக்குள் துரு. நல்ல பெட்ரோல் மூக்கில் சுள்ளென்று ஏறும். பழையது வார்னிஷ் மணக்கும், நிறமும் தேயிலைச் சாயம் போல் மாறியிருக்கும். குழாயை வாயால் உறிஞ்சி எடுப்பது இங்கே சர்வசாதாரணம். செய்யாதீர்கள். ஒரு மிடறு நுரையீரலுக்குள் போனால் ஆஸ்பத்திரி. கைப்பம்ப் வாங்குங்கள், அல்லது டேங்கின் அடியில் டிரெயின் போல்ட் இருந்தால் அதைத் திறங்கள். இன்ஜெக்ஷன் காரில் பெட்ரோல் லைனுக்குள் ஏறக்குறைய 3 பார் அழுத்தம் இருக்கும். பைப்பைக் கழற்ற முன் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு எஞ்சினைத் தானாக நிற்கும்வரை ஓட்டுங்கள். சிகரெட், அடுப்பு, ஃபோன் எதுவும் பக்கத்தில் வேண்டாம். எடுத்த பழைய பெட்ரோலைக் கானிலோ ஓடையிலோ ஊற்றாதீர்கள். கீழ் லயத்துக்குக் குடிதண்ணீர் அந்த ஓடையிலிருந்துதான் போகிறது. மூடியுள்ள கலனில் கராஜில் கொடுத்தால் சாமான் கழுவ எடுத்துக்கொள்வார்கள்.

புதுப் பெட்ரோல் நிறைய ஊற்றி ஃபில்டரை மாற்றிய பிறகும் இப்படி நடக்கலாம்: பத்துப் பதினைந்து நிமிடம் அருமையாக ஓடும், இழுவை குறையும், நிற்கும், கொஞ்ச நேரம் பொறுத்தால் ஸ்டார்ட் ஆகி மறுபடி ஓடும். டேங்குக்குள் பம்பின் வாயில் உள்ள வலையில் பிசினும் துருவும் ஒட்டி அடைக்கிறது; பம்ப் நின்றதும் அழுக்கு உதிர்ந்து வழி திறக்கிறது. பம்பை வெளியே எடுத்து வலையைப் பார்க்காமல் இது தீராது.

அதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. வெட்டும்போது காரை நிறுத்தி பெட்ரோல் மூடியைத் திறங்கள். புஸ் என்று காற்று உள்ளே இழுபட்டு, பிறகு கார் நன்றாக ஓடினால், டேங்குக்குக் காற்று வருகிற சின்ன வழி அடைபட்டிருக்கிறது. மண்கூடு கட்டுகிற குளவிக்கு அந்தச் சின்னத் துவாரங்கள் மேல் அப்படி ஓர் ஆசை. கொழுந்து எடுப்பவர்களை விரட்டுகிற குளவி வேறு; இது காரைத்தான் விடுவதில்லை. சைலன்சர் வாயையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

காபரேட்டர் உள்ள பழைய மொரிஸ், பழைய மாருதி என்றால் பிசின் ஜெட்டுகளில்தான் முதலில் படியும். கழற்றி கிளீனர் அடித்துக் காற்று விட வேண்டும். ஜெட்டுக்குள் ஊசி விட்டால் துளை பெருத்துவிடும்.

பனியும் மழையும் சேர்ந்தால்

மழை நாளில், விடியற்காலைப் பனிமூட்டத்தில் மட்டும் மிஸ்ஸிங் என்று கொப்பியில் இருந்தால், இருட்டும்வரை காத்திருங்கள். பொனட்டைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, லைட் எல்லாம் அணைத்துவிட்டு, பூச்செடிக்கு அடிக்கிற ஸ்பிரே போத்தலால் பிளக் வயர், டிஸ்ட்ரிபியூட்டர், கொயில் பக்கம் மெல்லிய தூறலாக அடியுங்கள். எங்கேயாவது நீலமாகப் பொறி ஓடினால், எஞ்சின் தடுமாறினால், இடம் கிடைத்துவிட்டது. அந்த வயர்களில் 20,000 வோல்ட்டுக்கு மேல் ஓடும். கை தூரத்தில் இருக்கட்டும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்பக்கத்தில் முடி போன்ற கறுப்புக் கோடு தெரிந்தால் துடைத்துப் பயனில்லை, மாற்றுங்கள். ஈரம் மட்டும் என்றால் காய்ந்த துணி போதும்.

புதிய கார்களில் ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் கொயில். முன் கண்ணாடிக்குக் கீழே இலைதழை அடைத்து, தண்ணீர் வழிந்து பிளக் குழிக்குள் நிற்கும். கொயிலை உருவினால் நுனி ரப்பர் நனைந்து, பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் கறுப்புக் கோடு விழுந்திருக்கும். எந்தக் கொயில் என்று தெரியாவிட்டால், காரின் கம்ப்யூட்டரில் பதிந்த கோளாறுக் கோட்டைக் காட்டும் ஸ்கேனரை மாட்டுங்கள். பி 0301 என்றால் முதலாம் சிலிண்டர் மிஸ்ஸிங். முதலாம் கொயிலையும் மூன்றாம் கொயிலையும் இடம் மாற்றி ஓட்டுங்கள். கோட் பி 0303 ஆக மாறினால் கொயில்தான் குற்றவாளி; மாறாமல் அங்கேயே நின்றால் பிளக், இன்ஜெக்டர், வயர் என்று அதே சிலிண்டரில் தேடுங்கள். பிளக்கை எஞ்சின் ஆறிய பிறகே கழற்றுங்கள், அலுமினிய ஹெட்டில் மரை உருவிவிடும்.

ஸ்கேனரைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபோனோடு இணைகிற மலிவு ஸ்கேனரே தொடக்கத்துக்குப் போதும். ஜப்பானில் உள்நாட்டுப் பாவனைக்குச் செய்த பழைய கார்கள் சிலவற்றோடு அது பேசாது. கோட் ஒரு திசைகாட்டிதான். பி 0171 வந்ததும் ஒட்சிசன் சென்சரை வாங்கி மாட்டுபவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கோட் சொல்வது காற்று கூட, பெட்ரோல் குறைவு என்பதைத்தான். வெடித்த வெக்கூம் குழாயும் அதைக் கொடுக்கும், அடைத்த பெட்ரோல் ஃபில்டரும் கொடுக்கும். குழாய்கள் மேல் அதே ஸ்பிரே போத்தலால் தண்ணீர் அடித்துப் பாருங்கள். வெடிப்பில் பட்டால் ஐட்லிங் மாறும். சிலர் காபரேட்டர் கிளீனர் அடிப்பார்கள், சூடான எஞ்சினில் அது தீப்பிடிக்கும்.

சூடேறினால் நிற்பது

ஏற்றம் ஏறி, டீக்கடையில் நிறுத்தி, பதினைந்து நிமிடத்தில் திரும்பி வந்தால் ஸ்டார்ட் ஆகாது. ஒரு மணி நேரம் கழித்து ஆகும். அந்தக் காத்திருக்கும் நேரம் பொன்னானது, வீணாக்காதீர்கள். கோளாறு இருக்கும்போதே மூன்றைப் பாருங்கள். சாவியை ஓன் பண்ணும்போது பின் சீட்டுப் பக்கம் பம்ப் இரண்டு விநாடி உறுமுகிறதா? ஸ்டார்ட்டர் சுழலும்போது ஆர்பிஎம் முள் கொஞ்சமாவது எழும்புகிறதா? ஸ்பார்க் டெஸ்டரில் பொறி வருகிறதா? பம்ப் சத்தம் இல்லையென்றால் ரிலே, ஃபியூஸ், பம்ப். சத்தம் இருக்கிறது, பொறி இல்லை, முள்ளும் அசையவில்லை என்றால் கிராங்க் சென்சரைச் சந்தேகியுங்கள். சூட்டில் அதன் உள்ளே இருக்கிற சுருள் அறுந்து, ஆறினால் சேரும். ஈரத்துணியை அதன் மேல் வைத்து ஆற்றியதும் ஸ்டார்ட் ஆனால் அநேகமாக அதுதான்.

உயரத்தையும் கணக்கில் எடுங்கள். ஹட்டன் ஏறக்குறைய 1,270 மீற்றர், நுவரெலியா 1,868 மீற்றர். நுவரெலியாவில் காற்று கடற்கரையை விட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எந்தப் பெட்ரோல் காருக்கும் இழுவை குறையும், அதைக் கோளாறு என்று தேடாதீர்கள். இன்ஜெக்ஷன் கார் தானாகச் சரிசெய்துகொள்ளும். கொழும்பில் டியூன் பண்ணிய காபரேட்டர் இங்கே பெட்ரோலை அதிகம் ஊற்றி, பிளக்கைக் கரியாக்கும். தண்ணீரும் நுவரெலியாவில் 94 பாகையிலேயே கொதிக்கும். ரேடியேட்டரில் வெறும் பைப் தண்ணீரும் தளர்ந்த மூடியும் என்றால் ஏற்றத்தில் பொங்கும்.

ஓட்டிப் பார்ப்பதும் பாஸிடம் ஒப்படைப்பதும்

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், கொப்பியில் எழுதுங்கள், கோளாறு வந்த அதே நிலைமையில் ஓட்டிப் பாருங்கள். மழையில் வந்த கோளாறை வெயிலில் ஓட்டி முடிவெடுக்க முடியாது. நுவரெலியாவில் என்றால் முதல் ஓட்டம் கிரகரி ஏரியைச் சுற்றி, சமதரையில். பிறகு ஓரம் கட்ட இடமுள்ள ஏற்றம். இறம்பொடைப் பக்கம் இறங்குவதைக் கடைசிக்கு வையுங்கள். நானுஓயா–ரதெல்லக் குறுக்குப் பாதைக்கு இந்தக் காரோடு போகவே வேண்டாம். பிரேக் பிடிக்காமல் போன வாகனங்களின் கதை அங்கே போதுமான அளவு இருக்கிறது.

ரோட்டில் இறக்க முன் காப்புறுதியும் வருமான அனுமதிப்பத்திரமும் காலாவதியாகியிருக்கிறதா பாருங்கள். அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனை வேண்டும். பலர் அந்த அறிக்கையை மடித்து வைத்துவிடுவார்கள், நீங்கள் படியுங்கள். காபனோரொட்சைட்டு கூட என்றால் பெட்ரோல் அதிகமாக எரிகிறது. அது குறைவாக இருந்து ஐதரோகாபன் மட்டும் எகிறியிருந்தால், எரியாத பெட்ரோல் வெளியே போகிறது, அதாவது எங்கேயோ மிஸ்ஸிங்.

பெட்டரி, எர்த், எலி, பெட்ரோல், ஈரம் எல்லாம் பார்த்தும் தீராவிட்டால், பெட்ரோல் அழுத்தம் அளக்கவும் சிக்னலைப் படமாகப் பார்க்கவும் கருவி உள்ள இடத்துக்குப் போக வேண்டும். வயரிங் பாஸ் வேறு, எஞ்சின் பாஸ் வேறு. பட்டென்று நிற்கிற காரை முன்னவரிடமும் இழுவை குறைகிற காரைப் பின்னவரிடமும் காட்டுங்கள். "ஒருக்காப் பாருங்க பாஸ், விட்டு விட்டு வருது" என்று சாவியை மட்டும் கொடுத்துவிட்டு வராதீர்கள். கொப்பியையும் புகை அறிக்கையையும் கையில் கொடுத்து, கோளாறு வருகிற ரோட்டுக்கு அவரையும் ஏற்றிக்கொண்டு போங்கள். மாற்றுகிற பழைய சாமானைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். நல்லதாக இருந்தால் டிக்கியில் கிடக்கட்டும்.